எடுக்கும் நேரம், சேரும் நேரம்

டிப்போவில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'செகண்ட் கியர்' என்றால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார். இருபத்தைந்து வருடமாக மலைப்பாதை பஸ் ஓட்டுகிறவர். அத்தனை வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே ஏறி, அதே கியரிலேயே இறங்குகிறவர். பின்னால் வரும் கார்க்காரர்கள் ஹாரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்து போவார்கள். இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "அவனுக்கு அவன் வீடு போய்ச் சேரணும். எனக்கு அம்பது பேர வீடு கொண்டுபோய்ச் சேக்கணும்" என்பார். இத்தனை வருடத்தில் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதைத் தினம் ஒருவரிடமாவது சொல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

வீட்டிலும் அதே கியர்தான். அடுப்பை அணைத்தாயா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து கேட்பார். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். "எங்க வீட்டுக்காரர் சாகறதா இருந்தாலும் முன்னாடியே இண்டிகேட்டர் போட்டுட்டுத்தான் சாவார்" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். கேலி அதோடு சரி. அவர் சொன்ன சொல்லை அவள் தட்டியதில்லை. இந்த மனிதர் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர், இவர் சொல்லி எதுவும் தப்பாகப் போகாது என்பதில் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

ஒரே மகள். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு அந்த ஊரில் ஏசி பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. மகளைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து இவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: எவ்வளவு தூரம்? "மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி" என்பார் இவர். கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். தூரத்தைச் சொன்னால் உச்சுக் கொட்டத்தான் செய்வார்கள் என்று தெரிந்ததும், இவர் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைச் சொல்லத் தொடங்கினார். நேரம் என்றால் ஏதோ பக்கத்து ஊர் மாதிரி இருக்கிறது அல்லவா.

அந்த நேரத்தை அவர் கண்டுபிடித்த கதையைச் சொல்ல வேண்டும். மகள் உண்டானதும், ஒன்பதாவது மாதத்தில் அம்மா போய்க் கூட இருப்பதென்று முடிவாகி, விசாவெல்லாம் ஆகி, டிக்கெட்டும் வந்துவிட்டது. அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் அட்டவணையில் இரண்டு கட்டங்கள்தான் உண்டு: எடுக்கும் நேரம், சேரும் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பயணம். டிக்கெட்டிலும் அந்த இரண்டைத்தான் தேடினார். போகும்போது காலை எட்டுக்கு எடுத்து மதியம் இரண்டரைக்குச் சேர்கிறது. ஆறரை மணி நேரம். வரும்போது சாயங்காலம் நாலுக்கு எடுத்து ஐந்தரைக்குச் சேர்கிறது. ஒன்றரை மணி நேரம். கொஞ்ச நேரம் மண்டையைக் குடைந்துகொண்டார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"போகும்போது ஏத்தம், வரும்போது இறக்கம்" என்றார் மனைவியிடம்.

"ஆகாசத்துல ஏதுங்க மேடு பள்ளம்?"

"காத்து இருக்கில்ல? எதிர்க்காத்து ஏத்தம் மாதிரி, இழுக்கும். பின்காத்து இறக்கம் மாதிரி, தள்ளிவிட்டுரும். நம்ம பஸ்ஸே மேல போக நாலு மணி நேரம், கீழ வர மூணு. பிளேனுக்குக் கேக்கணுமா?"

அவள் ஒப்புக்கொண்டாள். வண்டி விஷயத்தில் அவரை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

டிப்போவில் இதை ஒரு வாரம் பாடமாகவே எடுத்தார். அவருடைய கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப வரும்போது பிளேன நியூட்ரல்ல விட்டுருவாங்களாண்ணே?" என்று கேட்டான். "நியூட்ரல்ல விடறவன் டிரைவரே இல்லடா. இறக்கத்துலயும் கியர்லதான் வருவான்" என்று அவர் முகத்தை மாற்றாமல் பதில் சொன்னார். மெக்கானிக்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்காவது கணக்கு தப்பு என்று சொல்லத் தெரியவில்லை.

மகள் இருக்கும் ஊரில் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாத விஷயம் அல்ல. இங்கே சாயங்கால வெயில் இருக்கும்போதே, "இங்க இருட்டி எவ்வளவோ நேரமாச்சுப்பா" என்பாள் மகள் போனில். "சரி, படும்மா" என்பார் இவர். அது ஒரு கணக்கு, டிக்கெட் ஒரு கணக்கு. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பஸ் புறப்படுகிற ஸ்டாண்டிலும் போய்ச் சேருகிற ஸ்டாண்டிலும் ஒரே நேரம்தானே ஓடுகிறது? டிக்கெட்டின் ஓரத்தில் பயண நேரம் நாலு மணி என்று பொடி எழுத்தில் அச்சாகித்தான் இருந்தது. பஸ் அட்டவணையில் அப்படியொரு கட்டம் கிடையாது என்பதால் அவர் கண் அங்கே போகவில்லை.

ஏழாவது மாதத்தில் ஒரு மாலை மாப்பிள்ளை கூப்பிட்டார். குரலே சரியில்லை. வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, மருந்து கொடுத்து ஒருநாள் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், நாளைக்கு எப்படியும் ஆபரேஷன் செய்தாக வேண்டும், குழந்தையைப் பற்றி ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை மகளிடம் கொடுத்தார்.

"அம்மாவ அனுப்புப்பா" என்றாள் மகள். "நான் தைரியமாத்தான் இருக்கேன். ஆனா உள்ள போறதுக்கு முன்னால அம்மா பக்கத்துல இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

டிக்கெட் கடைக்காரர் நல்ல மனிதர். ஓடியாடி மறுநாள் காலை விமானத்துக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை மறுபடி பேசினார். அத்தை இரண்டரைக்கு வந்து இறங்கினால் போதும், நாலு மணிக்கு மேல்தான் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள், தன்னால் நகர முடியாது, கூட வேலை செய்கிறவர் ஒருவர் வாசலில் காருடன் நிற்பார், அங்கிருந்து ஆஸ்பத்திரி அரை மணி நேரம்தான் என்றார். எல்லாம் சரியாக அமைந்தது. இவர் மட்டும் பேசாமல் இருந்திருக்கலாம்.

ஆனால் 'செகண்ட் கியர்' சும்மா இருப்பாரா? பஸ்ஸைத் தவிர வேறு எதிலும் தனியாக ஏறியிராத பெண்பிள்ளை நாடு விட்டு நாடு போகிறாள். பஸ் ஸ்டாண்டில் ஏமாந்து நிற்கும் ஜனங்களை வாழ்நாளெல்லாம் பார்த்தவர் அவர். பெட்டியைத் தூக்கித் தருகிறேன் என்று வந்து பெட்டியோடு போகிறவன், மாமா அனுப்பினார் என்று சொல்லி வண்டியில் ஏற்றுகிறவன், எல்லாரையும் அவருக்குத் தெரியும். அன்று இரவே புதிதாக ஒரு சின்னப் போன் வாங்கினார். அதில் தன் நம்பரையும் மகள் நம்பரையும் மட்டும் போட்டார். புது நம்பரை மாப்பிள்ளைக்கும் சொல்லி, ஆஸ்பத்திரி விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி மனைவியின் பைக்குள் வைத்தார். மனைவியை எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்.

"இந்த ரெண்டு நம்பரத் தவிர வேற எது வந்தாலும் எடுக்காத. எவனாவது மாப்பிள்ளை பேர் சொல்லுவான். பெட்டிய எடுத்துக்கிட்டு உள்ளயே ஒரு எடத்துல உக்காரு. நான் கூப்பிடற வரைக்கும் வெளிய கால் வெக்காத. மாப்பிள்ளைகிட்ட கார் நம்பரக் கேட்டுட்டு நான் சொல்றேன், அப்புறம் போ."

"நீங்க எப்பக் கூப்பிடுவீங்க?"

அவர் கையிலிருந்த வாட்சைக் கழற்றி அவள் கையில் கட்டினார். டியூட்டி வாட்ச், ஒரு நிமிடம் பிசகாதது. "இதுல ரெண்டரை ஆகும்போது கூப்பிடுவேன். அங்க சுவத்துல மாட்டியிருக்கற கடிகாரத்தையெல்லாம் பாக்காத. ஸ்டாண்டு கடிகாரம் எந்த ஊர்லயும் சரியா ஓடினதில்ல."

அவள் தலையாட்டினாள். மூன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். அவருக்குத் திருப்தியாக இருந்தது.

காலையில் விமான நிலையத்தில் விட்டுவிட்டு அவர் நேரே டியூட்டிக்கு வந்தார். லீவு கேட்டால் கிடைக்காது, மலைக்கு மாற்று டிரைவர் இல்லை. கிடைத்திருந்தாலும் போட்டிருக்க மாட்டார். ஒன்பதரைக்கு எடுத்தால் ஒன்றரைக்கெல்லாம் மலைமேல் ஸ்டாண்டில் இருப்பார். ஒரு டீ குடித்துவிட்டு, மாப்பிள்ளையிடம் பேசிவிட்டு, நிதானமாக இரண்டரைக்குக் கூப்பிடலாம். பாதையில் சிக்னல் கிடையாது. இருந்தாலும் ஓட்டும்போது போன் அவரிடம் இருக்காது. கண்டக்டர் பைக்குள் கிடக்கும். அது சட்டமும்கூட.

முக்கால் மலை ஏறியதும் ஒரு வளைவில் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. முன்னால் நாலு வண்டி, பின்னால் வரிசை வளைந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அவர் என்ஜினை அணைத்துவிட்டு, கையை நீட்டிச் சோம்பல் முறித்தார்.

"இப்ப எங்க பறந்துகிட்டு இருப்பாங்க அண்ணி?" என்றான் கண்டக்டர்.

"கடல்ல முக்கால்வாசி தாண்டியிருப்பா. இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல இருக்கு."

முன்சீட்டில் இருந்தவர் காதில் அது விழுந்தது. வழுக்கைத் தலை, பெரிய பெட்டி. எந்த ஊர் என்று கேட்டார். இவர் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். அந்த ஊரில்தான் ஒரு ஹோட்டலில் பத்து வருடமாகச் சமையல்காரராக இருக்கிறாராம். போன வாரம்தான் விடுப்பில் வந்தாராம்.

"நானும் அந்தக் காலை பிளேன்லதான் போவேன். அலுப்பே தெரியாது. நாலு மணி நேரம்தான்" என்றார்.

"ஆறரை" என்றார் இவர். "வரும்போதுதான் கம்மி. போகும்போது ஏத்தம்."

சமையல்காரர் சிரித்தார். "போனாலும் வந்தாலும் நாலுதாங்க. சேர்ற நேரம்னு போட்டிருக்கானே, அது அந்த ஊர்க் கடிகாரம். அங்க ரெண்டரைன்னா நமக்குப் பன்னண்டு."

இவர் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்டக்டர் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணாகப் போகுதுண்ணே" என்றான் அவன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் சீட்டிலிருந்து எழுந்தார். இறங்கிக் கண்டக்டர் பையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். சாலையோரத்துக் கட்டைச் சுவரில் ஏறி நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பாறையில் ஏறினார். ஒரு கோடுகூடக் காட்டவில்லை. லாரிக்காரரிடம் போய்க் கத்தினார். அந்த மனிதர் கை முழுக்க கிரீஸோடு நிமிர்ந்து பார்த்தாரே தவிர அவரால்தான் என்ன செய்ய முடியும்? திரும்பிக் கீழே போய்விடலாமென்றால் பின்னால் இருபது வண்டி. முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல், தன் பஸ்ஸின் முன்னால் அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் இறங்கிவிட்டாள். பெட்டியை எடுத்திருப்பாள். சொன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பாள். எழுந்திருக்கவே மாட்டாள். அவர் சொல்லியிருக்கிறார் அல்லவா.

விஷயம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. ஆண்களெல்லாம் இறங்கி லாரியை ஓரம் தள்ளக் கை கொடுத்தார்கள். வழி கிடைத்ததும் இவர் பஸ்ஸை எடுத்தார். கொஞ்சம் நேராக ஓடும் பாதை வந்தபோது கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றான்.

"மூணாவது போடுங்கண்ணே. இன்னைக்கு யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவர் கை கியர் தண்டின் மேல் போயிற்று. கண்ணாடியில் பின்னால் இருக்கிற தலைகள் எல்லாம் தெரிந்தன. கை திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்துவிட்டது. அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது கியரிலேயே ஏறினார்.

மேலே ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் போன் துடிக்கத் தொடங்கியது. மாப்பிள்ளை, மாப்பிள்ளை, மாப்பிள்ளை. அவரையே முதலில் கூப்பிட்டார்.

"மாமா, அத்தை எங்க?" மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "எவ்வளவு தடவை அடிச்சாலும் எடுக்கமாட்டேங்கறாங்க. ஆள் வாசல்லயே நின்னு பாத்துட்டு, அவங்க வரலன்னு இப்பத்தான் கெளம்பினார். இவள முன்னாடியே உள்ள கொண்டுபோயிட்டாங்க. பையன் மாமா. மூச்சு இருக்கு. ரொம்ப நேரம் தாங்காதுன்னு சொல்லி, இவ நெஞ்சு மேலயே படுக்க வெச்சிருக்காங்க. அம்மா வந்ததும் அம்மா கையில குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா. அத்தைய எப்படியாவது அனுப்புங்க."

அடுத்து மனைவியைக் கூப்பிட்டார். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். அவள் குரல் தெளிவாக, உற்சாகமாகக்கூட இருந்தது.

"என்னங்க, இன்னும் ரெண்டரை ஆகலயே? அதுக்குள்ள கூப்பிட்டுட்டீங்க?"

அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பிளேன் சீக்கிரமே வந்துடுச்சுங்க. என்னமோ போங்க. எல்லாரும் வெளிய போயிட்டாங்க. ஒரு போலீஸ்காரம்மா வந்து என்னமோ கேட்டாங்க, புரியல. நீங்க சொன்ன நேரம் ஆகட்டும்னு உக்காந்திருக்கேன். எவனோ விடாம போன் பண்றான், நான் எடுக்கவே இல்ல."

"வெளிய போ" என்றார் அவர். "ஓடு. எந்த வண்டியா இருந்தாலும் ஏறு. ஆஸ்பத்திரிச் சீட்டக் காட்டு. ஓடு."

"கார் நம்பரு?"

"ஒண்ணும் வேணாம். ஓடும்மா."

வாழ்க்கையில் அவர் யாரையும் ஓடச் சொன்னது அதுதான் முதல் தடவை. டைம் கீப்பர் விசில் ஊதினார். கீழே இறங்குகிற டிரிப் ஏற்கனவே தாமதம். ஜனம் ஏறி உட்கார்ந்துவிட்டது. போன் கண்டக்டர் பைக்குள் போயிற்று. மூன்று மணி நேரம் அவர் மலை இறங்கினார். இவ்வளவு தூரம் இவ்வளவு நேரம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவருக்கு, அந்த நேரத்தில் எங்கே என்ன நடக்கிறது என்று ஒன்றுமே தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழி கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் இப்போது போய்ச் சேர்ந்திருப்பாள், இப்போது போய்ச் சேர்ந்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

அவள் போய்ச் சேரத்தான் செய்தாள். டாக்சிக்காரர் நல்லபடியாகக் கொண்டுபோய் வாசலிலேயே விட்டார். மாடி ஏறி அறைக்குள் போனபோது ஒரு நர்ஸ் குழந்தையைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் முன்னால்தான் என்றார்கள். துணிக்கு வெளியே தெரிந்த கால் இன்னும் சூடாக இருந்ததாம். மகள் அம்மாவைப் பார்த்து, "இவ்வளவு நேரம் இருந்தாம்மா. உனக்காக இருந்தான்" என்றாளாம். மாப்பிள்ளை இதைப் போனில் சொல்லிவிட்டு அழுதார். இவர் டிப்போ வாசலில், புறப்படத் தயாராக நின்ற பஸ்களுக்கு நடுவில், போனைக் காதில் வைத்தபடியே வெகுநேரம் நின்றிருந்தார்.

மனைவி இரண்டு மாதம் இருந்து மகளைத் தேற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். வாட்சைக் கழற்றி அவர் கையில் கட்டினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான் சொன்னாள்.

"பிளேன் அன்னைக்கு ரொம்ப சீக்கிரமே வந்துடுச்சு. அதுக்கு இவர் என்ன பண்ணுவார்? பஸ்ஸா என்ன, சொன்ன நேரத்துக்கு வர?"

அவர் உள் அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பிளேன் சீக்கிரம் வந்ததாக இவள் உண்மையாகவே நம்புகிறாள், இவளுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவன் நான்தான் என்று தினமும் நினைப்பார். வாயெடுப்பார். அடுப்பை அணைத்தாயா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். டிப்போவில் யாராவது மகள் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் இப்போதெல்லாம் அவருக்குக் காது கேட்பதில்லை.

ஒருநாள் மலைமேல் இருக்கிற அக்காவைப் பார்க்க அவள் அவருடைய பஸ்ஸிலேயே ஏறினாள். டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டு. லாரி நின்ற அந்த வளைவு வந்தது. கட்டைச் சுவரைப் பார்த்ததும் அவருக்கு அடக்க முடியவில்லை. தலையைத் திருப்பாமலே பேசினார்.

"அன்னைக்கு பிளேன் சீக்கிரம் வரல."

வளைவுக்கு ஒரு ஹாரன் அடித்தார்.

"சரியான நேரத்துக்குத்தான் வந்துச்சு. நான்தான் அந்த ஊர் நேரத்தையும் நம்ம நேரத்தையும்..."

"தெரியும்" என்றாள் அவள். "மாப்பிள்ளை அன்னைக்கே சொல்லிட்டார்."

என்ஜின் சத்தத்தில் தனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. "அப்புறம் எதுக்கு எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்ற?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவகிட்ட பிளேன் லேட்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க பாட்டுக்குப் போன்ல உளறிடாதீங்க."

அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வளைவு நெருங்கிவிட்டது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. கண்ணைத் துடைக்க வழியில்லை. தோள் குலுங்குவது அவளுக்குப் பின்னாலிருந்து தெரிந்திருக்க வேண்டும்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள். "அம்பது பேர் இருக்காங்க."